நாற்பது மடங்கு

பன்னிரண்டு வருஷமாக சால்டரிங் செய்யும் குணசீலனைவிட, போன மாசம் சேர்ந்த செலினின் வேலை சுத்தம் என்றார் மேனேஜர். குணசீலனுக்கு வயிறு எரிந்தது. இருவரும் பாதிப்பாதி ஈயம் பற்றவைத்த சர்க்யூட் போர்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். வழக்கமான பத்து மடங்கில் அவள் பாதியில் குறையே இல்லை. இருபதிலும் இல்லை. மருமகள் சமையலில் முடி தேடும் மாமியார்போல நாற்பதுக்குத் திருகினார். ஒரே ஒரு ஈயப்பொட்டு கண்ணை நிறைத்தது. போர்டை நகர்த்தி நகர்த்தித் தேடினார். விரிசல்!

“பாத்தியாம்மா உன் லட்சணத்த?”

அவள் குனிந்து பார்த்தாள். “பத்துக்குக் கொறைங்கண்ணே. எந்தப் பக்கம் வந்துட்டீங்கன்னு தெரியும்.”

குறைத்தார். விரிசல் அவருடைய பாதியில் இருந்தது.

“என்ன சத்தம்? யார் வேலையில கோளாறு?” என்றபடி மேனேஜர் வந்தார். செலின் வாயே திறக்கவில்லை. அதைத்தான் குணசீலனால் தாங்க முடியவில்லை.