கண்ணாடியின் மேல் ஒரு துண்டு

தொண்டைமானாற்றுப் பாலத்தடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, சுப்யான் அதன் முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் இன்னொரு சிறிய கண்ணாடித் துண்டைப் பூட்டுகிறார். பின்னேர வெயில் அதில் மஞ்சளாய் வழிகிறது. புத்தளத்தில் இருக்கும் மகள் ஜிஹானா வேலை முடிந்து வரும் நேரத்தில் இவர் எப்போதும் சாலையில்தான் இருப்பார். ஹெல்மெட்டில் காற்று மோதி இரையும். "ஒண்டும் விளங்கல்ல வாப்பா" என்று அவள் அழைப்பை வைத்துவிடுவாள். காற்றுத்தான் குறுக்கே நிற்கிறது என்று நம்பி இந்தத் துண்டை வாங்கியிருக்கிறார்.

அதைச் சற்றுச் சரித்து முறுக்கிவிட்டு வண்டியை எடுக்கிறார். நீரேரியிலிருந்து வரும் காற்று கண்ணாடியில் ஏறித் தலைக்கு மேலால் போகிறது. ஹெல்மெட் ஆடவில்லை. ஹெல்மெட்டுக்குள் செருகிய இயர்போனில் மகளை அழைக்கிறார்.

"இப்ப கேக்குதோ, மகள்?"

"ஓம் வாப்பா, நல்லாக் கேக்குது. வீட்டிலயா?"

"இல்லை, பாலத்திலை. கண்ணாடி ஒண்டு போட்டனான்."

"ஆ."

அவளுடைய அறையில் மின்விசிறி சுழல்வதுகூட அவருக்குக் கேட்கிறது. "சாப்பிட்டியா?" என்கிறார். "ஓம்." "உம்மா சுகமோ?" "இருக்கிறா." ஒரு கொக்கு நீரில் இறங்கிக் காலூன்றுகிறது.

"சரி வாப்பா, வேலை கிடக்கு. வைக்கட்டா?"

"வை, மகள்."

அவள் வைத்த பிறகுதான் அவருக்குச் சொல்ல ஒன்று கிடைக்கிறது.

"இஞ்சை தண்ணி முட்ட நிக்குது, மகள்" என்று ஹெல்மெட்டுக்குள் சொல்கிறார்.