எழுபத்திரண்டு டிகிரி

தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்து ஆறு நாளாகியிருந்தது. தேவநாதன் வீட்டில் கம்ப்யூட்டருக்குள் மட்டும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவரே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கம்ப்யூட்டர் அது. தயாரித்தவன் வைத்த வேகம் தன் தகுதிக்குப் போதாதென்று அதன் மூளையான பிராசசரை முடுக்கிவிட்டிருந்தார். அது கொதித்துப் போகாமலிருக்க, கண்ணாடிக் குழாய்களில் நீல வெளிச்சத்தோடு தண்ணீர் சுற்றிச் சுற்றி வந்தது. அத்தனை வேகத்தையும் வைத்துக்கொண்டு அவர் செய்த ஒரே வேலை, திரையின் மூலையில் அதன் சூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். எழுபத்திரண்டு டிகிரி. அதை எழுபதாக்க மூன்று மாதமாகப் போராடுகிறார்.

அவர் மனைவி அரசி கரண்டியோடு வந்து நின்றாள். உப்புமாவுக்கு ரவையை வறுத்துவிட்டிருந்தாள். ஊற்றத் தண்ணீர் இல்லை.

“ஏங்க, பீரோவுல அஞ்சு லிட்டர் கேன் இருக்கே, எடுத்துக்கவா?”

“அது டிஸ்டில்டு வாட்டர்மா. இதுக்கு மாத்தி ஊத்தணும்.”

“அப்ப நமக்கு?”

“சாயங்காலம் லாரி வந்துரும். மனுஷ உடம்பு தாங்கும், பிராசசர் தாங்காது” என்றார், பாடம் நடத்தும் குரலில்.

அவள் அந்த நீலத் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். பையோடு திரும்பி வந்து, “எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன். லாரி வந்தாலும் கூப்பிடாதீங்க” என்றாள்.

“ம்” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அடுப்பின் சூடும் ஓர் ஆளின் சூடும் குறைந்த வீட்டில், அரை மணி நேரத்தில் எண் எழுபத்தொன்றானது. பிறகு எழுபது. தேவநாதன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து சமையலறைப் பக்கம் திரும்பினார்.

“அரசி, ஓடி வந்து பாரேன்.”