அம்மாக்கள் அணிக்கு ஒரு பெனால்டி

வடிவு பந்தை இரண்டு கைகளாலும் பிடித்தாள்.

அவள் கோல்கீப்பர் அல்ல. எங்கள் பள்ளிப் பெண்கள் கால்பந்து அணியின் கேப்டன். தன் கோல் கம்பத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, உயர வந்த பந்தைக் கைக்குழந்தையை வாங்குவதுபோல வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மைதானமே சிரித்தது.

அணியின் டீச்சரான நான்தான் நடுவர். விசிலை ஊதினேன். பெனால்டி.

அம்மாக்களுக்கும் மகள்களுக்கும் ஆட்டம். நாக்பூரில் மாநிலப் போட்டி. அங்கே போய்வரப் பணம் வேண்டும். நன்கொடை என்று கேட்டால் யாரும் தர மாட்டார்கள், அம்மாக்களை ஆட வைத்து டிக்கெட் போடலாம் என்று யோசனை சொன்னவள் பரீஹா. எங்கள் கோல்கீப்பர். தொண்ணூறடி ரோட்டில் கடை கடையாக ஏறி டிக்கெட் விற்றவளும் அவள்தான்.

தாராவி திரண்டு வந்துவிட்டது. சுற்றுச்சுவர் முழுக்க ஆட்கள். எதிர்க் கட்டடத்தின் ஜன்னல்களில் தலைகள். யாரோ இரண்டு பேர் கேட்காமலேயே டோலக் கொண்டுவந்து அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படியும் இரண்டு பிள்ளைகளின் செலவுக்குக் குறைந்தது. பாதி ஆட்டத்தில் அதை நான் மைக்கில் சொன்னதும், தோல்பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் தளவாய் அண்ணாச்சி எழுந்து வந்து மைக்கை வாங்கினார்.

"அம்மாமாருங்க போடுற ஒவ்வொரு கோலுக்கும் ஒரு பிள்ளையோட செலவு என் பொறுப்பு!"

அதோடு மகள்கள் ஆட்டத்தை மறந்தார்கள். தடுக்க வேண்டியவர்கள் தடுக்கி விழுந்தார்கள். பந்தை எடுத்துப்போய் அம்மாக்களின் காலடியிலேயே வைத்தார்கள். நாலைந்து அம்மாக்கள் சேர்ந்து பந்தையும் குறுக்கே நின்ற ஒருத்தியையும் ஒன்றாகக் கோலுக்குள் தள்ளினார்கள். பரீஹா இடுப்பில் கை வைத்துச் சிரித்தபடி வழிவிட்டாள்.

இன்னும் ஒரே ஒரு பிள்ளைதான் பாக்கி.

அதன்பிறகு பரீஹா ஒரு பந்தையும் விடவில்லை. பாய்ந்தாள். குத்தித் தள்ளினாள். மற்றவர்கள் கத்தினார்கள். "அரே, சோட் தே நா! விட்டுத் தொலையேன்!" அவள் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

ஒரு கோல் குறைந்தால் பதினாறு பேரில் யாரை வீட்டில் விட்டுப் போவது?

ஆட்டம் முடியும் நேரத்தில்தான் வடிவு பந்தைக் கையால் பிடித்தாள்.

யார் அடிப்பது என்று அம்மாக்கள் கூடிப் பேசினார்கள். சுவர்மேல் இருந்து ஒரு குரல் வந்தது. "கீப்பரோட உம்மா அடிக்கட்டும்!" அவ்வளவுதான், கூட்டம் முழுக்க அதையே பிடித்துக்கொண்டது.

பரீஹாவின் அம்மா நஜ்முன்னிசா ஆட்டத்துக்குப் பெயர் கொடுக்காதவர். பெண்கள் வரிசையில் கடைசியில் உட்கார்ந்து பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டியவரை இரண்டு அம்மாக்கள் கையைப் பிடித்து இழுத்துவந்து பந்துக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

நான் பரீஹாவைப் பார்த்தேன். நடுவர் செய்யக்கூடாததைச் செய்தேன். விட்டுவிடு என்று கண்ணால் சொன்னேன்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நஜ்முன்னிசா செருப்பைக் கழற்றினார். புர்காவின் ஓரத்தைக் கையில் சுருட்டிப் பிடித்தார். மகளைப் பார்த்தார். மகளும் பார்த்தாள். டோலக் நின்றது.

ஓடிவந்தார்.

வெறுங்கால். பந்து தரையோடு தரையாக இடது மூலைக்குச் சீறியது. பரீஹா முழு உடம்பையும் எறிந்தாள். விரல் நுனியில் பட்டது. கம்பத்தில் பட்டது. உள்ளே போய் வலையைத் தூக்கியது.

கோல்!

தளவாய் அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார். சுவர்மேல் இருந்தவர்கள் உள்ளே குதித்தார்கள். அம்மாக்களும் மகள்களும் யார் எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஒருவரையொருவர் தூக்கிச் சுற்றினார்கள். நாக்பூர்! நாக்பூர்! என் விசில் எங்கேயோ விழுந்துவிட்டது.

நான் ஓடிப்போய்ப் பரீஹாவைக் கட்டிக்கொண்டேன். அவள் முகவாயெல்லாம் மண்.

"என்ன நடிப்புடி! கடைசி வரைக்கும் நானே நம்பிட்டேன்."

"நடிக்கல டீச்சர். நெசமாத்தான் பாஞ்சேன்."

"பிடிச்சிருந்தா? ஒருத்தி போக முடியாமப் போயிருப்பாளே!"

அவள் உள்ளங்கை மண்ணைத் தட்டிவிட்டாள்.

"அந்த ஒருத்தி நான்தான டீச்சர். உம்மா என்னைய விடமாட்டேன்னு அப்பவே சொல்லிட்டாவ. சரின்னுட்டாவன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன். நம்ம டீம் மெஹராஜுக்குக் கீப்பிங் எல்லாம் சொல்லிக் குடுத்துட்டேன், அவ பாத்துக்கிடுவா. எனக்கு இதுதான கடைசி மேட்ச்? விட்டுக்குடுத்து ஆட மனசு வரல."

கடை கடையாக ஏறியதும், தொண்டை கட்டக் கட்டக் கூவியதும், எல்லாம் தான் ஏறப்போகாத ரயிலுக்காக.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நஜ்முன்னிசா வந்தார். கட்டைவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அதை அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை. மகளைப் பார்க்காமல் என்னிடம் கேட்டார்.

"ஏன் டீச்சர், நாக்பூர்ல குளிரு ஜாஸ்தியா இருக்குமோ? இவகிட்ட ஸ்வெட்டர் கிடையாது."