வாய் திறக்காத ஆள்

உள்ளே கனிமொழி அழும் சத்தம் கேட்டதும் ஜோதிகாவுக்கு வயிறு குளிர்ந்தது.

நாத்தனார் அழுவதைக் கேட்க இரண்டு வருடம் காத்திருந்தவள் அவள். திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில், தையல் கடைக்கு மேலே, மங்களம் கவுன்சிலிங் சென்டரின் பிளாஸ்டிக் நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

சுவரில் லேமினேட் செய்த சான்றிதழ் தொங்கியது. ஏதோ ஒரு வார ஆன்லைன் வகுப்புக்குக் கொடுத்தது. மங்களத்தின் படிப்பு அவ்வளவுதான். ஆனால் அந்தக் குரல் இருக்கிறதே, அது யாரையும் கரைத்துவிடும்.

ஜோதிகாவும் அதில்தான் ஏமாந்தாள். கல்யாணமான புதிதில், சரியாகச் சாப்பிடாமல் மூலையில் சுருண்டு கிடந்தவளை மாமியார் ராஜம்மா இங்கே கூட்டி வந்தாள். வேலப்பன்சாவடி கல்லூரியில் ஒருவனைக் காதலித்ததையும், அவனை இன்னும் மறக்க முடியாததையும் ஜோதிகா ஒளிக்காமல் கொட்டிவிட்டாள்.

மங்களத்துக்கு ஒரு வழக்கம். வந்தவர் அழுது முடித்ததும் கையில் தண்ணீரைக் கொடுத்துவிட்டு வெளியே வருவாள். கூட்டி வந்தவரின் காதில் அத்தனையும் ஓதிவிடுவாள். குடும்பம் நன்றாக இருக்க வேண்டுமாம்.

யார் சொன்னது என்று ராஜம்மா மூச்சு விடவில்லை. விஷயத்தை மட்டும் மகளிடம் சொன்னாள். கனிமொழி அதைத் தன் பையனின் காதுகுத்துப் பந்தியில், சாம்பார் வாளியும் கையுமாக நின்று எடுத்துவிட்டாள்.

"இன்னா ஜோதி, பழைய ஆளு போன் பண்றாரா?"

பந்தியே சிரித்தது. ஜோதிகாவின் கணவன் கிஷோர் பாதி இலையில் எழுந்து போனான். அன்றிலிருந்து அவன் ஜோதிகாவிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

அந்தக் கனிமொழிதான் போன வாரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மாதமாகத் தூக்கமே இல்லையாம்.

"நல்லா படிச்ச ஆளா பாத்துச் சொல்லு ஜோதி. வெளிய வாயத் தொறக்காத ஆளா இருக்கணும்."

அப்படி ஒருத்தி அம்பத்தூரில் இருந்தாள். முறையாக உளவியல் படித்தவள், கூட வந்தவர்களை வாசலோடு அனுப்பிவிடுபவள். ஜோதிகா பிறகு தேடிப் போய்த் தேறியது அவளிடம்தான். அவள் நம்பர் போனில் பத்திரமாக இருந்தது.

ஜோதிகா மங்களத்தின் நம்பரைக் கொடுத்தாள். துணைக்கும் தானே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை குலதெய்வப் பொங்கலுக்குச் சொந்தமெல்லாம் வரும். கனிமொழி என்ன சொல்லி அழுகிறாளோ, அதை அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட வேண்டும். நினைக்கவே இனித்தது.

கதவு திறந்தது. மங்களம் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜோதிகா ஆவலாகக் குனிந்தாள்.

"ஏம்மா, உன் ஊட்டுக்காரரு ஆவடில வேற ஒரு பொண்ணோட குடும்பம் நடத்துறாராம். கொழந்தை வேற கீதாம். கண்ணால பாத்துட்டு வந்ததுலேர்ந்து இந்தம்மாவுக்குத் தூக்கம் போச்சு. நீ தாங்க மாட்டேன்னு மென்னு முழுங்கிக்கினு கீறாங்க."

கால் மேல் போட்டிருந்த காலை ஜோதிகா கீழே இறக்கினாள்.

கனிமொழி முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பல நாளைக்குப் பிறகு அந்த முகம் தெளிந்திருந்தது. ஜோதிகாவின் தோளை ஆதரவாகத் தொட்டாள்.

"மனசு லேசாயிடுச்சு. வா, ஊட்டுக்குப் போலாம். கிஷோரு சாப்பாட்டுக்குக் காத்துகினு இருப்பான்."