பால்குடங்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்க்

தைப்பூசத்துக்கு இந்த ஊரில் விடுமுறை கிடையாது, ஆய்வுக்கூடம் திறந்திருக்கிறது. அதை நம்பி டோபி காட் நிறுத்தத்தில் பேருந்தை விட்டு இறங்கிய பிரிஜட், உச்சிவெயிலில் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். மார்போடு அணைத்த பிளாஸ்கில், பனிக்கட்டிகளுக்கு நடுவே, மாதக்கணக்கில் பாடுபட்டுப் பிரித்தெடுத்த புரதம். சூடு பட்டால் அத்தனையும் வீண். உறுமி அலறுகிறது. பால் வாசனையும் வியர்வையும் மூச்சை அடைக்கின்றன. "அக்கா, கொஞ்சம் வழி விடுங்க, அவசரம் லா." பால்குடம் சுமந்த பெண் திரும்பக்கூட முடியாமல் சொல்கிறாள்: "முருகன்கிட்ட போறவங்களுக்கே வழியில்லம்மா, தள்ளாதீங்க, பால் சிந்திடும்." எதிரே ஓர் இடைவெளி தெரிகிறது, கால் வைப்பதற்குள் ஒரு காவடி வந்து அடைத்துக்கொள்கிறது. விலாவில் யாருடைய முழங்கையோ இடிக்கிறது. ஓரடி முன்னே போனவளை அலை இரண்டடி பின்னே தள்ளுகிறது. வெறும் தண்ணீரில் இந்தப் புரதம் ஓடும் வேகத்தை அளந்துவிட்டு, நெருக்கியடித்துக் கிடக்கும் உயிரணுவுக்குள்ளும் அதே வேகத்தில்தான் ஓடும் என்று நேற்று ஆய்வுக்கூடத்தில் அடித்துச் சொன்னவள் அவள்தான். மயிற்பீலி கன்னத்தை உரச, பிளாஸ்கைக் காதருகே தூக்கிக் குலுக்குகிறாள். காலையில் கலகலத்த பனிக்கட்டியின் சத்தம் இல்லை. வெறும் தண்ணீர்தான் தளும்புகிறது.