நம்ம ஊர்க்காரர்

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற அந்த ஆளைப் பார்த்ததிலிருந்து ஜெயலீலாவின் கண் அடிக்கடி அங்கேயே போனது. மழையில் நனைந்தபடி, தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, வகுப்பிலிருந்த பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஃப்ரீமான்ட்டில் ஞாயிறுதோறும் நடக்கும் தமிழ்ப்பள்ளி அது. கட்டுரை எழுதச் சொன்னால் பிள்ளைகள் இணையத்திலிருந்து கண்டதையும் அள்ளிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அதனால் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று அன்றைக்குப் பாடம் எடுத்தாள். யார் சொன்னது, எப்போது சொன்னது, அவர்களுக்கு எங்கிருந்து தெரிந்தது? இந்த மூன்றையும் கேட்காமல் எதையும் எழுதக்கூடாது என்று போர்டில் போட்டிருந்தாள்.

"தெரிஞ்ச வெப்சைட்னா ஓகேதானே டீச்சர்?" என்றான் பிரணவ்.

நம் பள்ளியின் வெப்சைட்டையே எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள் ஜெயலீலா. அவளைப் பற்றிய நாலு வரியில், சொந்த ஊரான நாசரேத்தில் சர்ச் கொயரில் பாடியவர் என்று போட்டிருந்தது. பாடியது அவள் அக்கா. இவள் பாடினால் வீட்டு நாய்கூட எழுந்து போய்விடும். வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் ராமசுப்ரமணியனிடம் இரண்டு வருடமாகச் சொல்லியும் மனிதர் மாற்றினபாடில்லை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கதவுக்கு வெளியே நின்றவன் சிரிக்கவில்லை.

ஐந்து மணிக்கு வகுப்பு முடிந்தது. கூட்டிப்போக வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு பிள்ளைகளை அனுப்பினாள். கடைசியில் பத்து வயது ஜெபினா மட்டும் மிஞ்சினாள். அப்போதுதான் அந்த ஆள் உள்ளே வந்தான். ஜெபினாவின் அப்பா சைலஸ் தன்னை அனுப்பியதாகச் சொன்னான்.

யாரெல்லாம் கூட்டிப்போகலாம் என்று சைலஸ் எழுதிக் கொடுத்திருந்த தாளில் அவர் பெயரைத் தவிர வேறு பெயர் இல்லை. தாளில் பெயர் இல்லாதவரோடு பிள்ளையை அனுப்பவே கூடாது. போன வருடம் பக்கத்து ஊரில் யாரோ ஒரு குழந்தையைக் கூட்டிப்போய்விட, இரண்டு நாள் ஊரே தேடியது. அதற்குப் பிறகு வந்த விதி அது. ஜெயலீலா சைலஸுக்கு போன் போட்டாள். மணி அடித்ததே தவிர, எடுக்கவில்லை.

ஃப்ரீவேயில் மாட்டிக்கொண்டிருப்பார், டிரைவ் பண்ணும்போது எடுக்க மாட்டார் என்றான் அவன். பெயர் சுந்தர்சிங்காம். சைலஸுக்குச் சித்தப்பா மகனாம். போன மாதம்தான் டெக்சாஸிலிருந்து வந்தானாம். பொங்கல் விழாவில் ஜெபினா ஆடின கும்மியைப் பற்றிக்கூடச் சொன்னான். ஆனால் இவரைத் தெரியுமா என்று ஜெயலீலா கேட்டதற்கு ஜெபினா இல்லையென்று தலையாட்டினாள். கைக்குழந்தையாக இருந்தபோது பார்த்தது, எப்படி ஞாபகம் இருக்கும் என்று அவன் சிரித்தான்.

ஜெயலீலா அசையவில்லை. "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டாள்.

"நாசரேத்துதான். என்ன டீச்சர், என்னயத் தெரியலியா? நம்ம கோயில் கொயர்ல நீங்க பாடுவியளே, அந்தக் குரலு இன்னும் காதுல நிக்கு."

ஜெயலீலாவுக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. ஊரில் பாதிப் பேர் அவளையும் அக்காவையும் இப்படித்தான் மாற்றி நினைத்துக்கொள்வார்கள். ஆள் அசல் நம்ம ஊர்க்காரர் என்பதற்கு இந்தக் குழப்பம் ஒன்றே போதும். இந்தப் பேச்சை நேரில் கேட்டு ஒன்பது வருடமாயிற்று. இவரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது. பாடியது அக்கா என்று திருத்தக்கூட மனம் வரவில்லை.

மழை வலுத்தது. எல்லோரும் போய்விட்ட பார்க்கிங்கில், எஞ்சினை அணைக்காமல் அவருடைய கார் மட்டும் நின்றது. தாளின் அடியில் சுந்தர்சிங் என்று தன் கையாலேயே எழுதி, பேனாவை அவரிடம் நீட்டினாள் ஜெயலீலா. ஒரு நாள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள் என்றும் சொன்னாள்.

அவர் கையெழுத்துப் போட்டார். ஜெபினாவின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு அவள் கையைப் பிடித்தார். ஜெபினா நகரவில்லை. போர்டில் இருந்த மூன்றாவது கேள்வியைப் பார்த்தாள், பிறகு டீச்சரைப் பார்த்தாள்.

"டீச்சர், நீங்க பாடவே இல்லையே. அது நம்ம வெப்சைட்ல மட்டும்தானே இருக்கு?"