பெத்லகேம் கோவில் வாசல்

பெடியன் எருசலேமுக்குப் போகவே இல்லை.

யோகாவுக்கு அது பதினோராவது படத்திலேயே விளங்கிவிட்டது.

நோபல் பார்க் தேவாலய மண்டபத்தில் யன்னல்களைச் சாத்தி, சுவரில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். மொனாஷ் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம் படிக்கிற அருள்நேசன், கிறிஸ்தவ மாணவர்களோடு சேர்ந்து மூன்று கிழமை வேதாகமப் புண்ணிய இடங்களைச் சுற்றிவிட்டு வந்திருந்தான். எடுத்த படங்களை ஸ்லைட் மெஷினில் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினான்.

தெருக்கள் வந்தன. கடைகள் வந்தன. கழுதை ஒன்று வந்தது. இடையிடையே படமே இல்லாமல் வெறும் வெளிச்சம் மட்டும் விழுந்தது.

ஒரு படத்திலும் அருள்நேசன் இல்லை!

யோகா பக்கத்தில் இருந்த கணவரின் காதுக்குள் சொன்னாள். "உதெல்லாம் ஆரிட்டையோ வாங்கின படம். இவன் லீவுக்குச் சிட்னியிலை போய் நிண்டிருப்பான்."

தேவராஜா சுவரில் இருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், நல்ல மனுசன். ஒருத்தரையும் சந்தேகப்படத் தெரியாது.

இங்கே எருசலேமுக்குப் போய் வந்த ஒரே தமிழர் அவர்தான். லண்டனில் படிக்கும்போது, அறுபத்தோராம் ஆண்டு போனவர். ஒவ்வொரு நத்தார் பண்டிகைக்கும் பிள்ளைகளைச் சுற்றி இருத்தி அவர் அந்தக் கதையைச் சொல்லுவார். சின்ன வயசில் அருள்நேசனும் அதைக் கேட்டவன்தான். பிள்ளைகள் அவரைக் கூப்பிடுவதே 'எருசலேம் அங்கிள்' என்றுதான்.

"அடுத்தது கலிலேயா," என்றான் அருள்நேசன்.

யோகா எழும்பினாள்.

"பொறும் தம்பி. பெத்லகேம் முடிஞ்சுதோ? இயேசு பிறந்த இடத்திலை இருக்கிற கோவில் எங்கை?"

"அந்தப் படம் இதுக்குள்ளை இல்லை அன்ரி."

"அவ்வளவு தூரம் போய், கோவிலை விட்டிட்டுக் கழுதையைப் படமெடுத்தனீரோ?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"எனக்குப் படமெடுக்க அவ்வளவாய்த் தெரியாது அன்ரி."

"சரி, படம் வேண்டாம். கண்ணாலை பார்த்திருப்பீர்தானே? அந்தக் கோவில் வாசல் எப்பிடி இருக்கும், சொல்லும் பாப்பம். ஒட்டகத்திலை இருந்தபடியே நிமிந்து உள்ளை போகலாமாம். இவர் எத்தினை தரம் சொல்லியிருக்கிறார்!"

அருள்நேசன் ஒரு நிமிஷம் தேவராஜாவைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"எனக்குச் சொல்லத் தெரியேல்லை அன்ரி."

போதகர் தொண்டையைச் செருமினார்.

"கோவிலுக்குள்ளை நிண்டு பொய் சொல்லலாமோ தம்பி?" என்று கேட்டாள் யோகா.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி," என்றான் அவன். அவ்வளவுதான். மெஷினை நிற்பாட்டி, வயரைச் சுருட்டத் தொடங்கினான். அவனோடு ஒருவரும் கதைக்கவில்லை. தேநீரைக்கூட ஒருத்தரும் அவனுக்கு நீட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் யோகா குசினிக் கதிரையை மேசைக்கு இழுத்துப் போட்டாள்.

"இஞ்சருங்கோ, பேனையை எடுங்கோ. உங்கடை எழுத்துத்தான் வடிவு. போதகருக்கு ஒரு கடிதம் எழுதோணும்."

"என்னத்துக்கு?"

"வாற மாசம் ஞாயிறு பாடசாலையை இந்தப் பெடியனிட்டைக் குடுக்கப்போறாராம். பொய்யனிட்டையோ பிள்ளையளை விடுறது? எழுதுங்கோ. 'வணக்கத்துக்குரிய ஐயா, அருள்நேசன் என்பவர் தான் போகாத இடத்துக்குப் போனதாகச் சபையை ஏமாற்றியபடியால்...'"

தேவராஜா 'வணக்கத்துக்குரிய ஐயா' வரைக்கும் எழுதினார். பேனை நின்றுவிட்டது.

"ஏன் நிப்பாட்டிப்போட்டியள்? எழுதுங்கோவன்."

அவர் எழும்பிப் போய் அலுமாரி லாச்சியைத் திறந்தார். கைக்குட்டையில் சுற்றியிருந்த நாலு ஸ்லைட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

யோகா ஒன்றை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

பெரிய கற்சுவர். அதன் அடியில் ஒரு சின்னஞ்சிறு வாசல். நெஞ்சளவு உயரம்கூட இல்லை. அதற்குள் முதுகை வளைத்துக்கொண்டு, திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான் அருள்நேசன்.

"இது எந்த இடம்?"

"பெத்லகேம் கோவில் வாசல்."

"இதோ? இதுக்குள்ளாலை ஒட்டகம் எப்பிடிப் போகும்?"

"போகாது. ஆரெண்டாலும் குனிஞ்சுதான் போகோணுமாம்."

யோகாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்ப நீங்கள் போன நேரம்..."

"நான் போகேல்லை யோகா."

அவர் அவளைப் பார்க்காமல் சொன்னார். "அந்த லீவிலை நான் லண்டன் அறையை விட்டு அரக்கேல்லை. சோதினை பெயில். திரும்ப எழுதோணும். அதை அம்மாவுக்குச் சொல்லப் பயத்திலை, எருசலேமுக்குப் போறன் எண்டு கடிதம் போட்டன். அவ ஊரெல்லாம் சொல்லிப்போட்டா. உம்மடை வீட்டிலை கலியாணம் பேசேக்கையும் அதைத்தான் முதல் சொன்னவை. பிறகு என்னாலை மாத்த ஏலாமல் போச்சு."

யோகா படத்தை மேசையில் வைத்தாள்.

"இது உங்கடை கைக்கு எப்பிடி வந்தது?"

"நேற்று நீர் சந்தைக்குப் போன நேரம், பெடியன் படப்பெட்டியோடை இஞ்சை வந்தவன்."

"வந்து?"

"'உங்களுக்கு இடைஞ்சலான படங்களை நீங்களே எடுத்து வையுங்கோ அங்கிள், ஆரும் கேட்டால் எனக்குப் படமெடுக்கத் தெரியாது எண்டு சொல்லுறன்' எண்டு சொல்லிப் பெட்டியை என்ரை கையிலை தந்தவன்."